முப்பது நாளில் வெளியேறச் சொல்லும் அறிவித்தலும் வன்னியின் காணிப் பத்திரங்களும்

12.09.2024 – ஒரு வாசகியின் கேள்வி

ஐயா, எனது சின்னம்மாவுக்காகக் கேட்கிறேன். கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு குடியேற்றத் திட்டக் காணியில், 2010 இல் மீள்குடியேறிய நாளிலிருந்து இரண்டு பிள்ளைகளுடன் இருக்கிறார். சித்தப்பா அந்தக் காணியைச் சமாதான காலத்தில், 2004 இல், பேர்மிட் (அரச காணி அனுமதிப்பத்திரம்) வைத்திருந்த ஒருவரிடம் கைக்கடதாசி எழுதி வாங்கியிருந்தார். சித்தப்பா இறுதிப் போரில் இறந்துவிட்டார், கடதாசியும் போய்விட்டது. 2019 இல் வீட்டுத் திட்டம் கிடைத்துச் சுவர் எழும்பியது. கூரை போட முன்னரே கொடுப்பனவு நின்றுவிட்டது. சென்ற கிழமை, சட்டவிரோதமாகக் குடியிருப்பதாகவும் 30 நாட்களுக்குள் வெளியேற வேண்டும் என்றும் ஓர் அறிவித்தல் கொடுத்திருக்கிறார்கள். இப்படியானவர்களை வெளியேற்றாமல் தடுக்கவோ, வெளியேற்றினால் வேறிடத்தில் குடியமர்த்தவோ எமது பக்கத்தில் உதவித் திட்டம் ஏதும் இருக்கிறதா?

13.09.2024, காலை

உதவித் திட்டத்தைத் தேடுவதற்கு முன்னர் நாட்களை எண்ணுங்கள், பிள்ளை. அறிவித்தலில் உள்ள திகதி, அது கையில் கிடைத்த நாள், வெளியேற வேண்டிய கடைசி நாள் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணிகள் உடைமை மீட்புச் சட்டத்தின் கீழ் வரும் அறிவித்தல் ஆகக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். அந்த அவகாசம் முடிந்த மறுநாளே யாரும் வந்து வீட்டைப் பிரித்துவிட முடியாது. அதிகாரி நீதவான் நீதிமன்றத்துக்கு விண்ணப்பம் செய்ய வேண்டும். நீதிமன்றம் அழைப்பாணை அனுப்பிக் காரணம் கேட்க வேண்டும். அதன் பிறகே வெளியேற்றும் கட்டளை வரும். இதை எவரும் சொல்லிக் கொடுக்காததால், முப்பதாம் நாள் விடியவே தகரத்தையும் மரத்தையும் கழற்றி லாண்ட்மாஸ்ரரில் ஏற்றிக்கொண்டு போன ஒரு குடும்பத்தை நான் நேரில் பார்த்தேன். அந்த வளவு இன்றைக்கும் பற்றையாகக் கிடக்கிறது.

கேட்ட கேள்விக்கு நேரான பதில் இது: குடியிருப்பை இழக்கப் போகிறவருக்கு வாடகையையோ நிலுவையையோ கட்டிக் கொடுத்து அவரை அதே இடத்தில் இருக்க வைக்கும் நிரந்தரமான அரச திட்டம் எமது நாட்டில் இல்லை. இடர் நேர்ந்த சில சந்தர்ப்பங்களில் சில மாத வாடகை கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 2023 இல் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு வந்த அஸ்வெசும, மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா என்று தொடங்கியது. அது அடுப்பெரிக்கும் காசு, அதில் குடியிருப்புக்கென்று தனிப் பங்கு கிடையாது. இருக்கும் உதவிகள் நான்கு வெவ்வேறு கதவுகளுக்குப் பின்னால் சிதறிக் கிடக்கின்றன. வருமானம் குறைந்தவருக்குச் சட்டத்தரணியை இலவசமாகத் தரும் சட்ட உதவி ஆணைக்குழு ஒன்று. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மன்னாரிலும் அதற்கு அலுவலகம் உண்டு. பிரதேச செயலகத்தின் காணிக் கிளை இரண்டாவது. தேசிய வீடமைப்பு அதிகாரசபை மூன்றாவது. கிராம அலுவலர், அதாவது எங்கள் விதானையார், நான்காவது. முதலாவது கதவை இந்தக் கிழமையிலேயே தட்டுங்கள்.

14 ஆண்டுக் குடியிருப்புக்கு உரிய சான்றுகளையும் திரட்டுங்கள். வாக்காளர் இடாப்பின் பிரதி, மின்பட்டியல், பிள்ளைகளின் பாடசாலைப் பதிவு எல்லாவற்றையும் காட்டினால் நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுக்கும்.

13.09.2024, இரவு

கேட்க மறந்தது ஒன்று. அறிவித்தலைப் பெற்றபோது சின்னம்மா எதிலாவது கையெழுத்து வைத்தாரா? பெற்றுக்கொண்டதற்கு வைத்த கையெழுத்து என்றால் பயப்பட ஒன்றுமில்லை. "நானாகவே வெளியேறுகிறேன்" என்று யாராவது ஒரு கடிதத்தை நீட்டினால், அதைச் சட்டத்தரணிக்குக் காட்டாமல் கைவைக்க வேண்டாம்.

17.09.2024

13 ஆம் திகதி காலையில் நான் எழுதியதன் கடைசிப் பந்தி பிழையானது. அதை நம்பி இருந்துவிட வேண்டாம். கிளிநொச்சியில் வழக்காடும் ஒரு சட்டத்தரணியிடம் நேற்று நேரில் கேட்டேன். அந்தச் சட்டத்தின் 9 ஆம் பிரிவின்படி, அழைப்பாணை கிடைத்தவர் நீதவான் முன்னால் நிறுவக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: செல்லுபடியான அனுமதிப்பத்திரத்தின் பேரிலோ, எழுத்திலான சட்டமொன்றின்படி அரசு கொடுத்த வேறொரு எழுத்து மூல அதிகாரத்தின் பேரிலோ தான் அங்கே இருப்பதாகக் காட்ட வேண்டும். எத்தனை ஆண்டு இருந்தார், எத்தனை தென்னை நட்டார், கிணறு வெட்ட எவ்வளவு செலவழித்தார் என்பவை அந்த விசாரணைக்குள் வருவதில்லை. கட்டளை வந்த பிறகு மேன்முறையீடும் கிடையாது. மீளாய்வு மனுவோ எழுத்தாணை மனுவோ போட்டு உயர்ந்த நீதிமன்றங்களுக்குப் போவதுதான் மீதமுள்ள வழி, அதற்குக் காசும் காலமும் வேண்டும்.

பத்து ஆண்டு இருந்தால் காணி எமக்குத்தான் என்று ஊரில் சொல்வார்கள். அந்த ஆட்சி உரிமை தனியார் காணிக்கே பொருந்தும், அரசுக்கு எதிராக அது ஒருபோதும் ஓடாது. இணக்கசபைக்குப் போகலாம் என்று எனக்குத் தனியாக எழுதியவருக்கும் இதோடு பதில் சொல்லிவிடுகிறேன்: அரசு தன் காணியை மீட்கும் விடயத்தை இணக்கசபை கையில் எடுக்காது.

ஆகவே நீதிமன்றத்தில் போராடுவதைவிட, விடயம் நீதிமன்றத்துக்குப் போக முன்னர் காணிக் கிளையில் போராடுவதே சின்னம்மாவுக்கு இருக்கும் வழி. நான் சொன்ன சான்றுகளும் அங்கேதான் உதவும். காணிக் கச்சேரியில் யாருக்குப் பத்திரம் கொடுப்பது என்று தீர்மானிக்கும்போது குடியிருப்பைப் பார்ப்பார்கள். 2004 இல் வாங்கினோம் என்ற பேச்சை மட்டும் முன்வைக்க வேண்டாம். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட பேர்மிட் காணியை உரிய அனுமதி இல்லாமல் விற்க முடியாது. அப்படி எழுதிய கைக்கடதாசி கையில் இருந்திருந்தாலும் அது உரிமை தந்திருக்காது. சின்னம்மா காணியற்றவர், குடும்பத் தலைவி, அங்கேயே வாழ்கிறவர் என்பதே அவருடைய கோரிக்கையின் அடி.

22.09.2024

ஏன் இவ்வளவு பதற்றத்தோடு எழுதுகிறேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

எங்கள் குடும்பத்துக்கு இரணைமடுக் குளத்தின் கீழ் வயலும் குடியிருப்பு நிலமும் இருந்தன. இரண்டும் அப்பாவின் பேரில் பேர்மிட். 2008 ஐப்பசியில் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது அம்மா பத்திரங்களையும் பிறப்புச் சான்றிதழ்களையும் பொலித்தீன் பையில் சுற்றிச் சீலைக்குள் கட்டிக்கொண்டார். தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம் என்று ஒவ்வொரு இடமாகப் பெயர்ந்தபோதெல்லாம் தரப்பாள் கட்டியதும் அவர் முதலில் பார்த்தது அந்தப் பையைத்தான். அப்பா மாத்தளனில் காயப்பட்டு இறந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய அந்த இரவில் பை எங்கே விழுந்தது என்று அம்மாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. செட்டிகுளம் முகாமில் ஓராண்டு இருந்தோம். அங்கே அப்பாவைப் பற்றி அழாத நாட்களிலும் அந்தப் பையைப் பற்றிக் கவலைப்பட்டு அழுவார்.

திரும்பி வந்தபோது வளவு இருந்தது, வீடு இல்லை. தகரமும் சீமெந்தும் கொடுத்தார்கள், ஐக்கிய நாடுகள் அகதிகள் முகவரகம் 25,000 ரூபா கொடுத்தது, கொட்டில் போட்டோம். பேர்மிட்டைப் பற்றி எவரும் கேட்கவில்லை, நாங்களும் பேசவில்லை. வீடு வந்தால் போதும் என்றிருந்தோம். 2013 இல் பின்னுரித்து (பேர்மிட்காரர் இறந்த பின் காணி யாருக்குப் போகும் என்ற) விடயமாக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். பேர்மிட்காரர் இறந்து 6 மாதத்துக்குள் பின்னுரித்தாளரோ வாழ்க்கைத் துணையோ காணியின் உடைமைக்குள் வர வேண்டும் என்று சட்டம் இருப்பதை அங்கே இருந்தவர் எடுத்துக் காட்டினார். அப்பா இறந்து ஆறாவது மாதத்தில் நாங்கள் முட்கம்பிக்குள் இருந்தோம். அதை நான் சொன்னபோது அவர் கோப்பை மூடிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்ற நிலையை என்னால் மறக்க முடியவில்லை.

பத்திரம் கடைசியில் கிடைத்தது. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, சமாதான நீதவான் ஒப்பமிட்ட சத்தியக்கடதாசி, போருக்கு முந்திய வாக்காளர் இடாப்பு, இரண்டு அயலவரின் வாக்குமூலம் ஆகியவற்றோடு நான்கு ஆண்டு அலைந்து, வேறொரு நல்ல உத்தியோகத்தர் வந்த பிறகு அம்மாவின் பேரில் எழுதினார்கள். அந்த நான்கு ஆண்டுக்குள் யாராவது எங்களுக்கும் 30 நாள் அறிவித்தல் தந்திருந்தால் எங்களிடம் காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இருந்திருக்காது.

24.09.2024

பின்னுரித்துப் பற்றிக் கேட்ட இன்னொருவருக்கு: பெயர் குறிக்கப்படாவிட்டால் மூத்த மகனுக்கே முதலிடம் என்ற பழைய ஒழுங்கை 2022 இல் திருத்திவிட்டார்கள். இப்போது ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை, மூத்த பிள்ளைக்கு முதலிடம். ஆனால் கணவரின் பேர்மிட்டில் பின்னுரித்தாளராகப் பெயர் எழுதப்படாமல் ஆயுள் உரித்தில் (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையில்) இருக்கும் விதவை மறுமணம் செய்தால், அந்த உரித்து முடிந்துவிடும் என்ற விதியை மறக்க வேண்டாம். போரில் கணவனை இழந்து, இளவயதில் மறுமணம் செய்த பெண்கள் எமது கிராமங்களில் பலர். பேர்மிட் வைத்திருப்பவர் உயிரோடு இருக்கும்போதே பின்னுரித்தாளரின் பெயரைப் பதிந்துவிட வேண்டும்.

06.10.2024

வீட்டுத் திட்டங்களைப் பற்றி இதுவரை நான் குறைவாக எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. அதை எழுதுவது எனக்குக் கடினம்.

இந்திய அரசின் உதவியில் 50,000 வீடுகள் என்று அறிவித்து, 1,000 வீடுகளை முதலில் கட்டிக் கொடுத்து, 2012 ஒக்டோபரில் பெரும் பகுதியைத் தொடங்கினார்கள். ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவைக் கட்டங் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே அனுப்பினார்கள். வீட்டைச் சொந்தக்காரரே நின்று கட்டினார். தன் வாசற்படி எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்கும் உரிமை, முகாமில் வரிசையில் நின்று பழகிய சனத்துக்கு எவ்வளவு பெரியது என்பதை அந்த நாட்களில் ஊருக்குள் நடந்து பார்த்தவர்கள் அறிவார்கள். வன்னியில் நடந்த மீள்குடியமர்வு உதவிகளில் நான் மனமாரப் பாராட்டுவது இந்த முறையைத்தான்.

ஆனால் பயனாளிகளைப் புள்ளி போட்டுத் தெரிவு செய்தார்கள். குடும்பத்தில் ஆட்கள் கூடினால் புள்ளி கூடும். அப்போது நான் எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். எங்கள் ஒழுங்கையில் ஒரு வயோதிப மாது இருந்தார்; பிள்ளைகள் மூவரையும் போரில் இழந்து தனியாக வாழ்ந்தவர். புள்ளிக் கணக்கில் அவர் மிகவும் பின்னால் வந்தார். பட்டியல் சரி என்று சங்கத்தின் சார்பில் நான் ஒப்பமிட்டேன். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆட்சேபிக்க ஒரு கிழமை தந்திருந்தார்கள், நான் ஒரு கடிதமும் எழுதவில்லை. அடுத்தடுத்த மாரிகளில் அவருடைய கொட்டிலுக்குக் கிடுகு மாற்றச் சிரமதானம் செய்தோம். வீடு வராமலேயே இறந்துபோனார். ஒரு கடிதம் எழுதியிருந்தால் கிடைத்திருக்குமா என்பது வேறு விடயம். எழுத வேண்டிய ஆள் நான், எழுதவில்லை.

உங்கள் சின்னம்மாவின் அரைச்சுவர் வீட்டுக்கு வருகிறேன். 2019 இல் ஆட்சி மாறியதோடு கொடுப்பனவு நின்ற வீடுகள் மாவட்டம் முழுவதும் நிற்கின்றன. அடுத்த கட்டக் காசு வரும் என்ற நம்பிக்கையில் கல்லையும் மண்ணையும் கடனுக்கு இறக்கியவர்கள் நுண்கடன்காரரிடம் போனார்கள். கடனுக்குப் பயந்து வீட்டைப் பூட்டிவிட்டு வேறு ஊருக்குப் போனவர்களும் உண்டு. வளவில் ஆள் இல்லை என்றால் பத்திரமும் ஆபத்துக்குள் வந்துவிடும். ஆதலால் எனது நெடுநாளைய எண்ணம், காணிப் பத்திரத்தைத் தீர்க்காமல் வீட்டைக் கொடுக்கவே கூடாது என்பது.

13.10.2024

பலனளித்த ஒரு முயற்சியையும் பதிந்துவைக்கிறேன். வயோதிப மாதின் மரணத்துக்குப் பிறகு எங்கள் சங்கமும் மாதர் சங்கமும் சேர்ந்து ஒரு கொப்பி வைத்தோம். வீட்டுக்கு ஒரு பக்கம். காணி யாருடைய பேரில், அது பேர்மிட்டா, அரசின் அளிப்புப் பத்திரமா, உறுதியா, வெறும் கையா, பின்னுரித்தாளர் எழுதப்பட்டிருக்கிறாரா, என்ன பத்திரம் குறைகிறது, கடைசியாக எந்த அலுவலகத்துக்கு எப்போது போனார்கள் என்பவை அதில் இருக்கும். நடமாடும் சேவை வருகிறது என்று அறிவித்தால் அந்தக் கொப்பியைப் பார்த்து யார் யார் என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுவோம். தனியாகப் போகப் பயப்படுகிறவரோடு ஒருவர் கூடப் போவார். போய்ப் பேசத் தேவையில்லை, பக்கத்தில் நின்றாலே போதும். நாளைக்கு வா என்ற பதிலைச் சொல்பவரும், காரணம் என்ன என்று கேட்க ஓர் ஆள் நிற்கும்போது நாளையும் நேரத்தையும் எழுதித் தருகிறார். சங்கக் காசில் பேருந்துக் கட்டணமும் ஒளிப்பிரதிக் காசும் கொடுத்தோம். வெளியேற்றத்தைத் தடுக்கும் உதவி என்று நீங்கள் கேட்டதற்கு, என் அனுபவத்தில் இதைவிட மலிவானதும் பலன் கூடியதும் இல்லை.

20.10.2024

வாடகைக்கும் தனியார் காணிக்கும் சுருக்கமாக. தனியார் காணியிலோ வாடகை வீட்டிலோ இருப்பவரைச் சொந்தக்காரர் தானே வந்து சாமானைத் தூக்கி எறிந்து வெளியேற்ற முடியாது; அவர் வழக்குப் போட வேண்டும். பலவந்தமாக வெளியேற்றினால் உடனே பொலிஸில் முறையிடுங்கள். அமைதிக்குப் பங்கம் வரக்கூடிய காணித் தகராறு என்று, 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் விடயம் நீதிமன்றத்துக்குப் போனால், அதற்கு முந்திய 2 மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரைத் திரும்பக் குடியிருத்தும்படி கட்டளையிட முடியும். இரண்டு மாதம் கடந்தால் அந்த வழி அடைபடும்.

1977 இலும் 1983 இலும் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்து, ஊர்க்காரர் காட்டிய காணியில் மண்வீடு கட்டியவர்களின் பிள்ளைகளை இங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும். மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற இடங்களில் மூன்று தலைமுறை கடந்தும் கையில் பத்திரம் இல்லாத குடும்பங்கள் உள்ளன. இடம்பெயர்ந்த சொந்தக்காரர்களின் உரிமையைக் காக்க, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து ஆண்டு ஆட்சிக் கணக்கிலிருந்து நீக்க இடமளித்த 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் நியாயமானதே. ஆனால் அந்தக் காணியில் அதே காலத்தில் போக்கிடம் இன்றி இருந்தவருக்கு மாற்றுக் காணி கொடுக்கும் கடமையை யாரும் அதோடு சேர்த்து எழுதவில்லை.

30.11.2024

மழை விட்டிருக்கிறது. இந்தக் கிழமை முழுவதும் வெள்ளத்துக்குள் நின்றோம்; பாடசாலையில் தங்கியிருந்தவர்களுக்குச் சமைத்தோம். அங்கே வந்தவர்களில் பலர் குளத்து ஒதுக்கீட்டில், அதாவது குளத்தை அண்டி ஒதுக்கி வைத்த நிலத்தில், இருப்பவர்கள். அந்தக் காணிக்குச் சட்டப்படி பேர்மிட் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. ஆகவே வெளியேற்றம் எல்லாம் அநியாயம் என்று நான் எழுதியதாக யாராவது எடுத்துக்கொண்டால் அதைத் திருத்துகிறேன். இவர்கள் இடம் மாறத்தான் வேண்டும். எங்கே மாற்றுவது என்பதில்தான் பிழை நடக்கிறது.

1990களின் தொடக்கத்தில், இந்தியாவிலிருந்து திரும்பியவர்களைத் தங்கவைத்த வவுனியா சிதம்பரபுரம் முகாமில் சனம் 20 ஆண்டுக்கு மேல் இருந்தது. 2012 செப்ரெம்பரில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமை மூடியபோது முல்லைத்தீவின் கேப்பாப்பிலவு மக்களைத் தம் ஊருக்கு விடாமல் சீனியாமோட்டைக்குக் கொண்டுபோனார்கள். கடலையும் நந்திக்கடலையும் நம்பி வாழ்ந்த சனம் காட்டை வெட்டிய வெளியில் நின்றது. வீடு கொடுத்தார்கள், ஆனாலும் 2017 இல் அங்குள்ள பிலக்குடியிருப்பு மக்கள் படைமுகாம் வாசலில் ஒரு மாதம் பனியிலும் வெயிலிலும் இருந்துதான் தம் நிலத்தின் ஒரு பகுதியைப் பெற்றார்கள். தண்ணீர், தொழில், பாடசாலைக்குப் போகும் வழி ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் கட்டிய வீட்டை இரண்டு ஆண்டில் ஆடு கட்டும் இடமாக்கிவிட்டுச் சனம் பழைய ஒதுக்கீட்டுக்கே திரும்பிய இடங்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

08.12.2024

கேள்வி கேட்ட பிள்ளை தொலைபேசியில் பேசினார். அறிவித்தலின் நாள் ஒக்டோபரிலேயே முடிந்துவிட்டது. இதுவரை நீதிமன்ற அழைப்பாணை வரவில்லை. சட்ட உதவி மூலம் கிடைத்த சட்டத்தரணி, வழக்குத் தொடுக்க முன்னர் காணி விசாரணை வைக்கும்படி எழுத்தில் கேட்டிருக்கிறார். வடக்குக் கிழக்கில் போருக்குப் பிந்திய அரச காணிப் பிரச்சினைகளைத் தீர்க்கவென்று வந்த 2013/01 ஆம் இலக்கச் சுற்றறிக்கையின்படி சின்னம்மா அந்தக் காலத்தில் ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறார். கொடுத்ததே அவருக்கு நினைவில் இல்லை. பற்றுச்சீட்டு, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைக்குள் இருந்திருக்கிறது.

இன்னொன்றும் கிடைத்திருக்கிறது. 2019 இல் சின்னம்மாவை வீட்டுத் திட்டத்துக்குத் தெரிவு செய்தபோது, இந்தக் காணியில் வீடு கட்ட ஆட்சேபனை இல்லை என்று ஓர் அதிகாரி கொடுத்த கடிதத்தின் பிரதி வீட்டுக் கோப்பில் இருக்கிறது. அது 9 ஆம் பிரிவு சொல்லும் எழுத்து மூல அதிகாரமாகுமா என்பது வழக்கு வந்தால் வாதிட வேண்டிய விடயம். ஆனால் அதே அரசு அதே காணியில் வீடு கட்டச் சொன்னதற்கு அது சாட்சி. காணிப் பத்திரம் தீராமல் வீடு கொடுக்கக் கூடாது என்று ஒக்டோபர் 6 ஆம் திகதி நான் எழுதியதை இப்போது அப்படியே சொல்ல மாட்டேன். அந்த அரைச்சுவர் இல்லாவிட்டால் இந்தக் கடிதமும் இருந்திருக்காது.

விசாரணைக்குத் தை மாதத்தில் ஒரு நாள் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளை, அறிவித்தல், பற்றுச்சீட்டு, சித்தப்பாவின் மரணச் சான்றிதழ், குடும்ப அட்டை எல்லாவற்றிலும் இரண்டிரண்டு பிரதி எடுத்து, மூலப் பத்திரங்களைத் தனிப் பையில் வையுங்கள். மூலத்தை எவரிடமும் கொடுத்துவிட்டு வர வேண்டாம். சாட்சிக்கு வரும் அயலவர் இருவருக்கும் வயல் வேலை நாள் என்றால் அரைநாட் கூலியைச் சங்கம் கொடுக்கும் என்று சொல்லுங்கள். நான் எட்டு மணிக்கே காணிக் கிளை வாசலில் நிற்பேன்.